கப்பலூரில் என்ன வேலை காலியாக இருக்கிறது? சமுதாயக் கல்லூரி நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சமுதாயக் கல்லூரியில் நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் கணினி பழுதுபார்ப்பில் ஓராண்டு டிப்ளமோ தொடங்கினோம். அதைத் தேர்ந்தெடுத்த விதத்தை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றில் அந்தப் படிப்பு இருந்தது. சிலபஸ் தயாராகக் கிடைத்தது. எங்களிடம் ஒரு பழைய கணினி அறையும் இருந்தது. இந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட மதுரையில் யாருக்கு என்ன ஆள் வேண்டும் என்பதைப் பற்றியதில்லை. உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நன்றாகவும் படித்தார்கள். ஆண்டு முடிந்ததும் பாதிக்கு மேற்பட்டவர்கள் மாசி வீதி ஜவுளிக் கடைகளுக்கும் செல்போன் கடைகளுக்கும்தான் போனார்கள். அந்த வேலைகளுக்கு எங்கள் டிப்ளமோ தேவையே இல்லை.

அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு நாங்கள் வேலை செய்யும் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சமுதாயக் கல்லூரி தொடங்கும் முதல்வருக்கோ, இருக்கும் கல்லூரியில் தொழிற்படிப்புப் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியருக்கோ இது உதவும். மதுரையை வைத்து எழுதியிருந்தாலும் திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ இருப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்ன பின்னணி. இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் முதலில் தொடங்கியது 1995-இல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ். 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்தோ பாதியில் விட்டோ நிற்கும் பிள்ளைகளுக்கு, உள்ளூரிலேயே, குறைந்த செலவில், வேலைக்கான படிப்பு என்பதுதான் அன்றைய எண்ணம். 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்குத் திட்டம் கொண்டுவந்து, கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை அனுமதித்தது. பெயரில் 'சமுதாயம்' இருப்பதற்குக் காரணம், படிப்பு எதுவென்று முடிவு செய்வதில் அந்த ஊருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பது. நடைமுறையில் பல இடங்களில் விட்டுப்போவதும் அந்தப் பங்குதான்.

1. எதையும் முடிவு செய்யாமல் இரண்டு மாதம் நடங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கூகுள் படிவம் ஒன்றை நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டு 'தேவை ஆய்வு முடிந்தது' என்று கோப்பில் எழுதுகிறார்கள். சிறு பட்டறை முதலாளி அப்படிப் படிவத்தை நிரப்பி நான் பார்த்ததில்லை. நேரில் போனால் ஒரு மணி நேரம் பேசுவார்.

எங்கே போவது? மதுரையில் வேலை ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. கப்பலூர், கோ.புதூர், உறங்கான்பட்டி சிட்கோ தொழிற்பேட்டைகள் ஒரு பக்கம். ரப்பருக்கும் மதுரைக்கும் நெடுநாள் உறவு உண்டு: வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை, கோச்சடையில் பெல்ட் தொழிற்சாலை, இவை போக வாகனங்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் சிறு நிறுவனங்கள் ஏராளம். இன்னொரு பக்கம் மருத்துவமனைகள். சுற்றியுள்ள பல மாவட்டங்களுக்கு மதுரைதான் பெரிய மருத்துவ ஊர். அப்புறம் கீழமாசி வீதி மொத்த வியாபாரம், மாட்டுத்தாவணி பூ, காய், பழச் சந்தைகள், அப்பளக் கம்பெனிகள், எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகள், செல்லூர் தறிகள், சுங்குடி, கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகள், இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐ.டி. வளாகங்கள். இதில் உங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடங்களை மட்டும் தாளில் எழுதுங்கள். அதுதான் உங்கள் 'சமுதாயம்'.

இரண்டு மாதத்தில் முப்பது இடங்களையாவது பாருங்கள். திங்கள் காலை போகாதீர்கள், சம்பள வாரத்தில் போகாதீர்கள். மதியம் மூன்று, நான்கு மணி நல்ல நேரம். காலைப் பரபரப்பு அடங்கியிருக்கும், டீ வரும், பேச்சும் வரும். சிறுதொழில் முதலாளிகளின் சங்கமான மடீட்சியாவிலோ தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கத்திலோ ஒரு அறிமுகம் வாங்கிக்கொண்டால் கதவு சீக்கிரம் திறக்கும். தொழில் வர்த்தகச் சங்கம் 1924-லிருந்து மதுரையில் இருக்கிறது, எந்தத் தொழில் எந்தத் தெருவில் என்பது அங்கே உள்ளவர்களுக்கு மனப்பாடம். மாவட்டத் தொழில் மையத்தில் பதிவான சிறு தொழில்களைப் பற்றியும் விசாரிக்கலாம்.

'உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் 'பத்துப் பேர் அனுப்புங்கள்' என்பார்கள். அந்தப் பத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. நான் கேட்பது இவை: கடைசியாக வேலையை விட்டுப் போனவர் யார், ஏன் போனார்? அவர் இடத்துக்கு ஆள் பிடிக்க எத்தனை நாள் ஆனது? புதிதாகச் சேர்பவர் முதல் மாதத்தில் எதைக் கெடுக்கிறார்? இப்போது இந்த வேலைக்கு ஆள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள்? முதல் மாதம் கையில் என்ன கிடைக்கும், மூன்றாம் வருடம் என்ன கிடைக்கும்?

மூன்றாவது கேள்விதான் தங்கம். கப்பலூரில் ஒரு பட்டறை முதலாளி அதற்குச் சொன்ன பதில் இது: "சர்டிபிகேட்டை நான் என்ன பண்ணப் போறேன் டீச்சர்? வெர்னியரைப் பிடிச்சு ஒழுங்கா அளந்து, அளந்ததை நோட்டுல எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்தா அனுப்புங்க. நேத்து ஒரு லாட் மொத்தமும் திரும்பி வந்துருச்சு." நாங்கள் அதுவரை அளவு எடுப்பதற்கு இரண்டே வகுப்பு வைத்திருந்தோம்.

முதலாளியிடம் பேசியதோடு திரும்பிவிடாதீர்கள். தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அங்கே வேறு கதை கிடைக்கும். சில இடங்களில் ஆள் நிற்காததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை, ஓவர்டைமுக்குக் காசு இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஆள் தயார் செய்து அனுப்புவது நம் வேலையே இல்லை. எத்தனை காலி இடம் இருந்தாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். வேலை மோசமாக இருப்பதால் காலியாகும் இடத்தையும், தெரிந்த ஆள் கிடைக்காததால் காலியாகும் இடத்தையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே இத்தனை நடையும்.

2. பிள்ளைகளின் வீட்டுப் பக்கமும் போங்கள்

சேடபட்டிப் பக்கம் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எத்தனை மணிக்கு பஸ் ஏறுவா, எத்தனை மணிக்கு வந்து எறங்குவான்னு மொதல்ல சொல்லுங்க. சம்பளத்தை அப்புறம் பேசுவோம்." அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தாலும் வேலையில் நிற்கமாட்டார்கள்.

2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இது எங்கள் கணக்கையே மாற்றியது. முன்பு பஸ் செலவு சம்பளத்தைத் தின்றுவிடும் என்று ஒதுக்கிய இடங்களைத் திரும்பப் பார்த்தோம். இப்போது தடை காசு அல்ல, கடைசி பஸ்ஸின் நேரம். ஆகவே ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரேயும் ஷிப்ட் முடியும் நேரத்தையும், அங்கிருந்து திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் போகும் கடைசி நகரப் பேருந்தின் நேரத்தையும் எழுதி வையுங்கள். இந்த ஒரு பட்டியலை வைத்து ஒரு நிறுவனத்திடம் பேசி, பெண்களின் ஷிப்ட்டை அரை மணி நேரம் முன்னால் நகர்த்த வைத்திருக்கிறோம்.

ஊரின் நாட்காட்டியையும் பாருங்கள். தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் அந்தப் பக்கத்துப் பையன்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் ஊரே நின்றுவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளிக் கடைகளில் தற்காலிக வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதை வீட்டில் எதிர்பார்ப்பார்கள். நடவும் அறுப்பும் வேறு. வருகைப் பதிவேட்டைக் காட்டிச் சண்டை போடுவதைவிட அந்த வாரங்களில் விடுமுறை விட்டு, மே மாதத்தில் ஈடு கட்டுவது நல்லது.

உதவித்தொகை பற்றி ஒரு சொல். புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பல குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் எந்தப் படிப்பு என்று முடிவெடுக்கின்றன. உங்கள் படிப்பு அதில் வருமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே சமூகநலத் துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வராது என்றால் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

3. ஒன்றோ இரண்டோ படிப்பு போதும்

நடந்து முடித்தபின் கையில் பத்துப் பதினைந்து வேலைகளின் பெயர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்றைப் பார்க்கிறேன். ஒரே வேலைக்குக் குறைந்தது ஐந்தாறு நிறுவனங்களிலாவது இடம் இருக்கிறதா? ஒரே நிறுவனத்தை நம்பித் தொடங்கினால் அவர்களுக்கு ஆர்டர் குறையும் ஆண்டில் நம் பிள்ளைகள் நடுத்தெருவில். அடுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? இரண்டு வாரத்தில் வேலையிலேயே கற்றுக்கொள்ளக்கூடியதற்கு டிப்ளமோ வைப்பது பிள்ளையின் ஒரு வருடத்தைத் திருடுவது. மூன்றாவது, அந்த வேலையிலிருந்து மேலே ஏற வழி இருக்கிறதா?

கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஏற்கெனவே நன்றாக நடக்கும் பிரிவை நாமும் தொடங்க வேண்டாம். அவர்கள் தொடாத இடுக்குகள் நிறைய இருக்கின்றன.

4. சிலபஸை வேலை செய்பவர்கள் வாயால் எழுதுங்கள்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கனடாவில் 1960-களின் கடைசியில் உருவாகி, பிறகு அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு முறை உண்டு. டேக்கம் என்பார்கள். அதன் அடிப்படை எளிமையானது: ஒரு வேலையை அதைத் திறமையாகச் செய்பவரைவிட வேறு யாராலும் நன்றாக விவரிக்க முடியாது. அந்த வேலையில் தேர்ந்த ஐந்து முதல் பன்னிரண்டு பேரை இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார வைத்து, அவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதை ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு வேலையாக எழுதிச் சுவரில் ஒட்டி, வரிசைப்படுத்தி, அதிலிருந்து பாடத்திட்டம் எடுப்பது. ஆசிரியர்கள் அறையில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது.

ரப்பர் மோல்டிங் ஆபரேட்டர் வேலைக்கு நாங்கள் இதைச் செய்தோம். வெவ்வேறு பட்டறைகளிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். எச்.ஆர். அதிகாரிகளையும் மேனேஜர்களையும் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டோம், அவர்கள் இருந்தால் ஆபரேட்டர்கள் பேசமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தோம். ஒவ்வொரு நாளுக்கும் அவர்களின் ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் ஆளுக்குப் பணமும், நல்ல மதியச் சாப்பாடும் கொடுத்தோம். பேச்சு முழுவதும் தமிழில். இயந்திரப் பாகங்களின் பெயர் அவர்கள் வாயில் எப்படி வந்ததோ அப்படியே எழுதினோம்.

'காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்று ஆரம்பித்தோம். 'பிரஸ்ஸை ஆன் பண்ணுவோம்' என்று வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. நைட் ஷிப்ட்டில் இருந்தவரிடம் மிஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பது. இரவில் சூடு ஏறி இறங்கியதா, எந்த அச்சில் சரக்கு ஒட்டியது, எதை மெயின்டனன்ஸில் சொல்லியாயிற்று, எதைச் சொல்லவில்லை. இதைக் கேட்காமல் வேலையை ஆரம்பிப்பவர்தான் முதல் மணி நேரத்திலேயே சரக்கைக் கெடுக்கிறார் என்று ஏழு பேரும் சொன்னார்கள். எங்கள் பழைய சிலபஸில் இது எந்த மூலையிலும் இல்லை.

இரண்டாம் நாள் மாலை சுவரில் இருந்தவற்றில் சில: கம்பவுண்டு (ரப்பர் கலவை) கலந்த தேதியைப் பார்த்துப் பழையதை ஒதுக்குவது. பிளாங்கை, அதாவது அச்சுக்குள் வைக்கும் ரப்பர் துண்டை, எடை போட்டு வெட்டுவது. அச்சின் சூட்டைப் பல இடங்களில் தொட்டுப் பார்க்கும் மீட்டரால் சரிபார்ப்பது. க்யூரிங் நேரத்தை, அதாவது ரப்பர் சூட்டில் வெந்து இறுகும் நேரத்தை, கடிகாரம் பார்த்துப் பிடிப்பது. சூடாக இருக்கும் பாகத்தைக் கிழியாமல் எடுப்பது. பிசிறு வெட்டுவது. காற்று அடைபட்டதா, சரியாக வேகவில்லையா என்று பார்த்தவுடன் கண்டுபிடிப்பது. ஹார்ட்னஸ் மீட்டரில் அளப்பது. ரிஜெக்ட் ஆனதைக் காரணத்தோடு எழுதுவது. கை சுட்டால் முதலில் என்ன செய்வது.

அப்புறம் ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று கேள்வி கேட்டோம். இது தினமும் வருமா, எப்போதாவது வருமா? தப்பாகச் செய்தால் என்ன போகும்: பொருளா, மிஷினா, கையா? வேலைக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமா, வந்தபின் கற்றால் போதுமா? முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவையும் கை போகக்கூடியவையும் பாடத்திட்டத்தின் முதல் பகுதியானது. ரப்பரின் வேதியியல் பின்னால் போனது. அதை எடுத்துவிடவில்லை. க்யூரிங் நேரம் குறைந்தால் பாகம் ஏன் மெத்தென்று இருக்கிறது என்று பையன் ஒரு முறை கையால் பார்த்துவிட்டால், கந்தகம் என்ன செய்கிறது என்ற பாடத்தை அவனே கேட்டு வாங்குகிறான்.

வியாபாரத் துறைக்கும் இதே முறை பொருந்தும். கீழமாசி வீதி மொத்தக் கடைகளின் கணக்குப் பிள்ளைகளை உட்கார வைத்தபோது, டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடுவது அவர்கள் பட்டியலில் கீழே இருந்தது. மேலே வந்தது, லாரி கிளம்பும் முன் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. இணையச் சீட்டு, சரியாகப் போடுவது. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல். வண்டி எண்ணைத் தப்பாகப் போட்டால் வழியில் சிக்கல். அதற்கு அடுத்து வந்தது, பாக்கி வைத்திருக்கும் கடைக்காரருக்கு மனம் நோகாமல் போன் செய்து பணம் கேட்பது. இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. ஒரு பழைய கணக்குப் பிள்ளையை வகுப்புக்கு அழைத்து, அவர் எதிரிலேயே பிள்ளைகள் மாறி மாறிப் பேசிப் பழகினார்கள்.

இப்படிக் கிடைத்ததைப் பல்கலைக்கழகம் கேட்கும் வடிவத்துக்குள் கொண்டுவருவது ஒரு தனி வேலை, ஆனால் முடியாததில்லை. மானியக் குழுவின் தொழிற்கல்வி வழிகாட்டுதலில் ஏறக்குறைய 60 விழுக்காடு தொழில்திறனுக்கும் 40 விழுக்காடு பொதுக் கல்விக்கும் போகிறது. ஆறு மாதச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), ஒரு வருட டிப்ளமோவுக்கு 60. அந்த 40 விழுக்காட்டை வீணாக்காதீர்கள். சம்பளச் சீட்டைப் படிப்பது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்றால் என்ன, வேலை ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, மேலதிகாரிக்கு நாலு வரி மெயில் எழுதுவது: இவையெல்லாம் பொதுக் கல்விதான். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். உண்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. உண்டு என்று தெரிந்த பிள்ளையை எளிதில் ஏமாற்ற முடியாது.

5. நிறுவனத்திடம் கையெழுத்துக்குப் பதில் ஆளையும் நேரத்தையும் கேளுங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பூங்கொத்து கொடுத்து, போட்டோ எடுத்து நாளிதழில் போடுவது வழக்கமாகிவிட்டது. எங்களிடம் அப்படி ஒரு கோப்பு நிறைய ஒப்பந்தங்கள் இருந்தன. அதில் ஒரு பெரிய நிறுவனம் மூன்று வருடத்தில் ஒரு மாணவரைக்கூடப் பயிற்சிக்கு எடுக்கவில்லை, போன் செய்தால் வேறு துறைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இப்போது நாங்கள் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் கேட்கிறோம். அதில் இருப்பது: வருடத்துக்கு இத்தனை நாள் உங்கள் அனுபவசாலி ஒருவர் வகுப்பெடுக்க வருவார். இத்தனை மாணவருக்கு இத்தனை வாரம் பட்டறைப் பயிற்சி. படிப்பு முடிந்ததும் நேர்காணல் நிச்சயம், வேலை கட்டாயமில்லை. பாடத்திட்டக் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறை உட்காருவார். வேலை தருவதாக எழுதித் தரச் சொல்லாதீர்கள். அதை யாரும் காப்பாற்ற முடியாது, நேர்மையானவர் எழுதித் தரவும் மாட்டார்.

நிறுவனத்துக்கும் இதில் லாபம் இருக்க வேண்டும். அதற்கு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தை நீங்கள் அவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருங்கள். 1961-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 2019-இல் விதிகள் மாறின. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. அரசு இப்படிப் பணம் தருகிறது என்ற செய்தி பல சிறு முதலாளிகளுக்குத் தெரியாது. இணையப் பதிவை நினைத்துப் பயந்து ஒதுங்குபவர்களும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் போய் உட்கார்ந்து பதிவைச் செய்து கொடுக்கிறார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் எங்களை மறப்பதில்லை.

வேலையிலிருந்து தொடங்கிப் பயிற்சியை அமைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை, அறுவை அரங்க உதவி, நோயாளிக்கு ஆலோசனை சொல்வது என்று தனித்தனிப் பிரிவுகளில் அமர்த்துகிறார்கள். மருத்துவர் செய்ய வேண்டியது எது, பயிற்சி பெற்ற பெண் செய்யக்கூடியது எது என்று வேலையை முதலில் பிரித்துவிட்டு, அப்புறம்தான் படிப்பை வகுத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை அங்கேயே. எல்லாக் கல்லூரியாலும் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் பாரா மெடிக்கல் படிப்பு தொடங்க நினைப்பவர்கள் அந்தப் பிரிக்கும் முறையைக் கவனித்துவிட்டு வர வேண்டும்.

6. ஃபோர்மேனை ஆசிரியராக்குவது

கையில் தொழில் உள்ளவருக்குக் கரும்பலகை முன்னால் நின்றால் வாய் உலர்ந்துவிடும். முதல் நாளே இரண்டு மணி நேர வகுப்பைக் கொடுத்தால் அடுத்த வாரம் வரமாட்டார். எங்கள் பழக்கம்: முதல் மூன்று வகுப்புக்கு எங்கள் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். ஃபோர்மேன் செய்து காட்டுவார், ஆசிரியர் கேள்வி கேட்பார், மாணவர்கள் எழுதுவார்கள். நான்காம் வகுப்பில் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். மரியாதை மிக முக்கியம். பிள்ளைகள் அவரை 'சார்' என்று கூப்பிட வேண்டும், சம்பளம் மாதம் ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அவர் பெயர் கல்லூரிப் பலகையில் மற்ற ஆசிரியர் பெயரோடு இருக்க வேண்டும். பத்தாவது வரை படித்த ஒருவர் தன் பெயரை அந்தப் பலகையில் பார்த்து நின்ற காட்சி எனக்கு மறக்காது.

நம் சொந்த ஆசிரியர்களையும் வருடத்துக்கு இரண்டு வாரம் பட்டறைக்கு அனுப்புங்கள். கோடை விடுமுறையில் போக முணுமுணுப்பார்கள். போய் வந்தபின் அவர்கள் வகுப்பே மாறிவிடும்.

7. பட்டறைப் பயிற்சிக் காலம்

பிள்ளையை நிறுவனத்தில் விட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கும் நாளில் போய் நிற்பது பயிற்சி ஆகாது. வாரம் ஒரு முறை ஆசிரியர் போக வேண்டும், சொல்லாமல் போக வேண்டும். பிள்ளை மிஷினில் நிற்கிறதா, டீ வாங்கப் போயிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு மாணவரிடமும் அந்தச் சுவர் அட்டைப் பட்டியலைச் சிறு நோட்டாக அச்சடித்துக் கொடுக்கிறோம். ஒரு வேலையைத் தனியாகச் செய்ய முடிந்தால் சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போடுவார். வேலை தேடிப் போகும்போது மதிப்பெண் பட்டியலைவிட அந்த அழுக்கு நோட்டைத்தான் முதலாளிகள் புரட்டிப் பார்க்கிறார்கள்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். படிக்கும்போது பட்டறைக்குப் போகும் மாணவருக்கு இ.எஸ்.ஐ. பாதுகாப்பு இருக்காது, ஆகவே கல்லூரி தன் செலவில் குழு விபத்துக் காப்பீடு எடுத்த பிறகே அனுப்ப வேண்டும். பெண்களை அனுப்பும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழுவில் யார் யார் என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள். சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் எப்படிப் புகார் செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். ஒரு முறை இதைச் செய்யாமல் அனுப்பினோம். அந்தப் பெண் படிப்பையே நிறுத்திவிட்டாள். அந்தத் தவறு என்னுடையது.

8. பணமும் காகிதமும்

பல்கலைக்கழக இணைப்பு, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், 2022 மார்ச் 1-இல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம், துறைவாரித் திறன் கவுன்சில்கள் என்று வழிகள் பல. ஒவ்வொன்றின் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் ஆண்டின் ஆணையைப் படித்துவிட்டே முடிவெடுங்கள். திட்டப் பணம் தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டு ஆறு மாதச் சம்பளத்தைக் கையிருப்பில் வையுங்கள். விலை உயர்ந்த மிஷின் வாங்க அவசரப்பட வேண்டாம். சனிக்கிழமை மதியம் சும்மா நிற்கும் மிஷின் கப்பலூரில் எத்தனையோ இருக்கிறது, வாடகைக்குக் கேட்டால் கொடுப்பார்கள்.

9. வேலைக்குப் போனபின்

பிளேஸ்மென்ட் விழுக்காட்டைப் பலகையில் எழுதுவதற்கு முன் ஆறு மாதம் காத்திருங்கள். சேர்ந்த மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம்: இந்த நான்கு முறையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் செய்கிறோம். அங்கேயே இருக்கிறாயா, கையில் எவ்வளவு வருகிறது, எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோம் என்ற மூன்றே கேள்விகள். முதலாளிக்கும் ஒரு போன்.

இந்த அழைப்புகளை வைத்துத்தான் அடுத்த வருடப் பாடம் திருத்தப்படும். இவற்றை வைத்தே ஒரு படிப்பை மூடவும் வேண்டியிருக்கும். இரண்டு பேட்ச் தொடர்ந்து பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதத்தில் வேலையை விட்டிருந்தால், அடுத்த அட்மிஷனை நிறுத்திவிட்டு முதல் படிக்குத் திரும்புகிறோம். கணினிப் படிப்பை அப்படித்தான் மூடினோம். அந்த ஆசிரியரை வெளியே அனுப்பவில்லை. மூன்று மாதம் கீழமாசி வீதிக் கடைகளில் உட்கார்ந்துவிட்டு வந்தார், இப்போது இ-வே பில், ஜி.எஸ்.டி. வகுப்புகள் அவருடையவை.

போன் செய்யும் நேரத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பகலில் கூப்பிட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள், பட்டறையில் போன் அனுமதி இல்லை. டே ஷிப்ட் என்றால் இரவு எட்டரை மணிக்கு மேல், நைட் ஷிப்ட் என்றால் மாலை நாலு மணி. எந்தப் பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.